சாணத்தில் கிடைத்த வைரஸும் குட்டியைக் கொன்ற வைரஸும்

பன்றிப் பண்ணையில் எந்த மூலையிலிருந்து சாணம் அள்ளி வந்தாலும் அதில் ஏதோ ஒரு குடல் வைரஸ் இருக்கும். "எதுவும் இல்லை" என்று அறிக்கை வந்தால் நான் சந்தேகப்படுவது சாண மாதிரி வந்து சேர்ந்த பெட்டியைத்தான். பனிக்கட்டி கரைந்து, பாதி வழியில் வெயிலில் வெந்து வந்திருக்கும். கால்நடை நுண்ணுயிரியலில் மேற்படிப்பு முடித்தபின் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல் பக்கத்து வெண்பன்றிப் பண்ணைகளில் கழிச்சல் மாதிரி சேகரிப்பதும் அதை ஆய்வகத்தில் பிரித்துப் பார்ப்பதுமாகச் சில ஆண்டுகள் போயின. இப்போது பண்ணையாளர்களுக்கு ஆலோசனை சொல்வதே முழுநேர வேலை. இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் தெரிந்துகொண்டதை, பன்றி வளர்ப்பவர்களுக்கும் இளம் கால்நடை மருத்துவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கோவிட் வந்து போனதிலிருந்து பிசிஆர் என்ற சொல் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. குட்டிகள் கழியத் தொடங்கியதும், "என்ன வைரஸ் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் டாக்டர், மருந்தை நான் வாங்கிக்கொள்கிறேன்" என்கிறார்கள். பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்ற நம்பிக்கை. பெயர்தானே, சொல்லிவிடலாம். ஒன்றல்ல, ஒரு பட்டியலே சொல்லலாம்: ரோட்டா, ஆஸ்ட்ரோ, கோபு, சப்போ, நோரோ, டெஸ்கோ, சப்பெலோ, என்டெரோ, பிகோபிர்னா. இவை போதாதென்று பன்றிக்கென்றே சில கொரோனாக்கள். இத்தனை பேரில் உங்கள் குட்டியைக் கொன்றது யார் என்று பிசிஆர் சொல்லாது. அது வருகைப் பதிவேடு மட்டுமே எடுக்கும்.

இது எனக்குப் புரிந்தது நலமாக இருந்த குட்டிகளால். மாதிரி எடுக்கப் போகும்போது, கழிகிற குட்டிக்குப் பக்கத்தில் நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் அதே வயதுக் குட்டியிடமும் எடுத்து வர வேண்டும் என்பது எங்கள் வழிகாட்டியின் கண்டிப்பான உத்தரவு. பண்ணையில் இருப்பவர்களுக்கு இது பிடிக்காது. "சாகிற குட்டி அங்கே கிடக்கிறது, நன்றாக இருப்பதைப் பிடித்து எதற்குத் தம்பி இம்சை செய்கிறீர்கள்?" என்று ஓசூர் பக்கத்தில் ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஆய்வகத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஆஸ்ட்ரோவும் கோபுவும் இரண்டு பக்கமும் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருந்தன. நலமான குட்டியை விட்டுவிட்டு வந்திருந்தால், கழிச்சலுக்குக் காரணம் கோபு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க முடியும். பன்றிக் கோபு வைரஸின் வரலாறே அப்படித்தான். 2007-இல் ஹங்கேரியில் அது முதலில் அகப்பட்டது நோயில்லாத பன்றிகளின் சாணத்தில். பிறகு உலகெங்கும் தேடினார்கள். கழிகிற குட்டியிலும் இருந்தது, கழியாத குட்டியிலும் இருந்தது.

ஆகவே அறிக்கையைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது எவ்வளவு இருக்கிறது என்பதை. நிகழ்நேர பிசிஆர் என்றால் சி.டி. மதிப்பு, அதாவது எத்தனையாவது சுழற்சியில் வைரஸ் தென்பட்டது என்ற எண், கொடுத்திருப்பார்கள். எண் குறைவாக இருந்தால் வைரஸ் அதிகம், ஏறத்தாழ 3.3 சுழற்சிக்கு ஒரு முறை பத்து மடங்கு மாறும். சி.டி. 16 என்று வந்த ரோட்டாவும் 35 என்று வந்த ரோட்டாவும் காகிதத்தில் ஒரே 'பாசிட்டிவ்'தான். முதலாவது கொட்டிலை நனைத்துக்கொண்டிருக்கிறது; இரண்டாவது, போன மாதத்து மிச்சமாகவோ பக்கத்துக் கொட்டிலிலிருந்து வாயில் ஒட்டிய அழுக்காகவோ இருக்கலாம். சி.டி. மதிப்பு எழுதாத அறிக்கைக்குப் பணம் கொடுத்தால், அதைக் கேட்டு வாங்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

ரோட்டாவைப் பொறுத்தவரை பிசிஆரைவிட எனக்கு நெருக்கமானது ஒரு பழைய முறை. சாணத்திலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி இரவெல்லாம் ஓடவிட்டு, காலையில் வெள்ளிச் சாயம் ஏற்றுவது. ரோட்டாவின் மரபுப் பொருள் 11 துண்டுகளாக இருக்கும். அவை மேலிருந்து கீழாக 4-2-3-2 என்று கொத்துக் கொத்தாக நின்றால் ஏ பிரிவு. 4-3-2-2 என்றால் சி. 4-2-2-3 என்றால் பி (B). இரண்டே இரண்டு கோடுகள் மட்டும் தெரிந்தால் பிகோபிர்னா. பழுப்புப் பின்னணியில் அந்தக் கோடுகள் மெல்ல எழும்பி வருவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும் என்று நான் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். மலிவான முறை, ஏழைக் கல்லூரிகளின் முறை என்று இதைச் சிலர் ஒதுக்குவதுண்டு. வைரஸ் ஏராளமாக இருந்தால்தான் கோடு தெரியும் என்பதை அதன் குறையாகச் சொல்வார்கள். நோயைத் தேடுகிறவனுக்கு அதுதான் அதன் பலம். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கோடு விழுந்துவிட்டால் அந்தக் குட்டியின் குடலில் ரோட்டா சும்மா தங்கியிருக்கவில்லை.

சில மாதிரிகளில் 11-க்கு மேல் கோடுகள் வரும். ஜெல் சரியாக ஓடவில்லை என்று முதலில் தோன்றும். மறுபடி ஓட்டினாலும் அப்படியே இருந்தால், ஒரே குட்டிக்குள் இரண்டு ரோட்டாக்கள் இருக்கின்றன என்று பொருள். அப்படிப்பட்ட மாதிரியை மரபணு வரிசை பார்க்க அனுப்பினால் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டிரண்டு சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், படிக்க முடியாது. ஆய்வு மாணவருக்கு இது தலைவலி. பண்ணைக்கோ இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை. ஏனென்றால் ரோட்டாவின் மரபணு வேறுபாடு பிறக்கிற இடமே அதுதான்.

இரண்டு கிரிக்கெட் அணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பதினொரு பேர். இரண்டும் ஒரே உயிரணுவுக்குள் நுழைந்து பெருகும்போது, வெளியே வரும் புதிய அணியில் தொடக்க ஆட்டக்காரர் இந்த அணியிலிருந்து, விக்கெட் காப்பாளர் அந்த அணியிலிருந்து என்று ஒவ்வோர் இடமும் இரண்டில் ஒன்றால் நிரப்பப்படும். கணக்குப்படி 2,048 விதமான அணிகள் சாத்தியம். எல்லாமே உயிர்வாழாது என்றாலும், சில வாழும். வைரஸின் வெளிப்புறத்தில் இருக்கும் இரண்டு புரதங்களை வைத்து ஜி (G) வகை, பி (P) வகை என்று பெயரிடுகிறார்கள். இன்று ஜி வகைகள் 40-க்கு மேல், பி வகைகள் 50-க்கு மேல். பன்றிகளில் ஜி3, ஜி4, ஜி5, ஜி9, ஜி11 அடிக்கடி அகப்படுபவை. பி[6], பி[7], பி[13], பி[19], பி[23] அவற்றோடு சேர்ந்து வருபவை. சந்தையிலிருந்து கிடாவும் குட்டிகளும் வாங்கி வந்து ஏற்கெனவே இருப்பவற்றோடு ஒன்றாக அடைக்கும் பண்ணையில் இந்தக் கலப்பு ஓயாமல் நடக்கும். நீங்கள் புதிதாக வாங்கி வந்தது நான்கு குட்டிகள் என்று கணக்கெழுதுவீர்கள். அவற்றின் குடலோடு வந்தவை கணக்கில் ஏறாது.

"போன வருடம் ரோட்டா வந்து போய்விட்டது, இனி வராது" என்று நம்பும் பண்ணையாளர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். போன வருடம் வந்தது ஜி9 என்றால், அதற்கு எதிரான பாதுகாப்பு இந்த வருடத்து ஜி5-க்கு அரைகுறையாகவே உதவும். சி பிரிவு ரோட்டாவுக்கு உதவவே உதவாது. ஏ, பி, சி என்பவை பெயரில்தான் அண்ணன் தம்பி. ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பு மற்றொன்றைத் தொடாது. வெளிநாட்டிலிருந்து தடுப்பூசி வரவழைத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்களிடமும், முதலில் உங்கள் பண்ணையில் என்ன வகை ஓடுகிறது என்று பாருங்கள் என்றே சொல்கிறேன்.

ஒரு சிறு விலகல். மனிதர்களில் பரவலாக இருக்கும் ஒரு பெரிய ரோட்டா குடும்பமும் பன்றி ரோட்டாக்களும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்று முழு மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. ரோட்டாவேக் என்று நம் குழந்தைகளுக்கு வாயில் சொட்டாகக் கொடுக்கிற இந்தியத் தடுப்பு மருந்தின் மூல வைரஸ்கூட, மனித வைரஸில் மாட்டு ரோட்டாவின் துண்டு கலந்து இயற்கையாக உருவானது. ஆகவே பன்றிக் கொட்டிலில் வேலை செய்துவிட்டுக் கைகழுவாமல் பேரப்பிள்ளையைத் தூக்காதீர்கள் என்று நான் சொல்வதைச் சாதி, தீட்டு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாட்டுக் கொட்டகைக்கும் அதே விதிதான். மஞ்சள் காமாலை தரும் ஹெப்படைடிஸ் ஈ வைரஸில் இந்தியாவின் நிலை சற்று விசித்திரமானது. 2002-இல் மேற்கு இந்தியாவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மனிதர்களிடம் இருந்தது மரபணு வகை 1. பன்றிகளிடம் இருந்தது வகை 4. அதாவது இங்கே காமாலைக்குப் பன்றியைவிடச் சாக்கடை கலந்த குடிநீரே பெரிய குற்றவாளி. வகை 4 மனிதரைத் தொற்றக்கூடியதே என்பதால் ஈரலை நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு நேரம் வைரஸின் பெயர் முக்கியமில்லை என்பதுபோலப் பேசினேன். பெயர் உயிரைக் காக்கும் சந்தர்ப்பமும் உண்டு. பண்ணையில் எப்போதும் இருக்கிற வைரஸ் வேறு, புதிதாக உள்ளே நுழையும் வைரஸ் வேறு. பி.இ.டி. என்கிற கொள்ளைக் கழிச்சலைப் பாருங்கள். 1971-இல் இங்கிலாந்தில் வளர்ந்த பன்றிகளில் முதலில் தெரிந்தது. 1978-இல் பெல்ஜியத்தில் அது ஒரு கொரோனா வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். 2010-இன் கடைசியில் சீனாவில் அதன் மாறிய வடிவம் குட்டிகளை வாரிக்கொண்டு போனது. 2013 வசந்தத்தில் அதுவரை இந்த நோயையே பார்த்திராத அமெரிக்காவுக்குள் நுழைந்தது. அங்கே கிடைத்த வைரஸின் மரபணு வரிசை சீனாவின் அன்ஹுய் மாநிலத்து வைரஸுக்கு மிக நெருக்கமாக இருந்தது. ஓராண்டுக்குள் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட குட்டிகள் செத்தன. தாய்ப்பன்றிகளின் பாலில் அதற்கு எதிராக ஒரு துளி பாதுகாப்பும் இல்லாததே காரணம். இறைச்சிக்கூடத்தில் பன்றி இறக்கிய லாரிகளைச் சோதித்தபோது, சுத்தமாக வந்த சில வண்டிகள் அங்கேயே தொற்றைப் பூசிக்கொண்டு திரும்பியது தெரிந்தது. நம் ஊரில் எடை போட வரும் வியாபாரியின் வண்டியை நேராகக் குட்டிக் கொட்டில் வாசலுக்கே விடுகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

மரபணுவில் ஒரு சிறு மாற்றம் என்ன செய்யும் என்பதற்கு டி.ஜி.இ. வைரஸின் கதை போதும். அமெரிக்காவில் 1946-இல் விவரிக்கப்பட்ட, குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற குடல் கொரோனா அது. அதன் முள் புரதத்தின் மரபணுவில் ஒரு பகுதி உதிர்ந்துபோன வைரஸ் 1984-இல் பெல்ஜியத்தில் தெரிந்தது. அந்தத் துண்டு போனதால் அது குடலை விட்டு நுரையீரலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. லேசான இருமலோடு பண்ணை பண்ணையாகப் பரவியது. பரவிய இடமெல்லாம் மூத்த வைரஸுக்கு எதிரான பாதுகாப்பையும் விட்டுச் சென்றது. டி.ஜி.இ. மங்கிப்போனதற்கு மருந்து கம்பெனிகளைவிட இந்த உதிர்ந்த துண்டுக்கே அதிகம் நன்றி சொல்ல வேண்டும்.

புதிதாக நுழைந்தது என்பதை அறிய ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. பெரிய பன்றி, சினைப்பன்றி, குட்டி என்று வயது பார்க்காமல் இரண்டு மூன்று நாளில் பண்ணை முழுவதும் கழிந்தால், வாந்தியும் சேர்ந்தால், ஒரு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகள் ஏறக்குறைய எல்லாமே செத்தால், அது பழைய வாடகைக்காரன் அல்ல. வாசலை அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். காய்ச்சலும், தோலில் சிவப்பும், பெரிய பன்றிகளின் திடீர்ச் சாவும் இருந்தால் அது குடல் சமாச்சாரமே இல்லை. 2020-இல் அசாமிலும் அருணாசலத்திலும் புகுந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை நினைத்து அரசுத் துறைக்கு உடனே சொல்ல வேண்டும்.

மற்றபடி நாம் தினம் பார்ப்பது ஓர் ஈற்று நன்றாக இருக்க, அடுத்த ஈற்று கழிகிற கழிச்சல். இதற்கு நான் முதலில் கேட்பது குட்டியின் வயது. பிறந்து மூன்று நாளுக்குள் என்றால் ஈ.கோலி, கிளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியாக்களும் சி பிரிவு ரோட்டாவும் நினைவுக்கு வரும். ஒரு வாரம் கழிந்து, மஞ்சள் பசைபோலக் கழிந்து, எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்கவில்லை என்றால் அது ரத்தக்கழிச்சல் இனத்தைச் சேர்ந்த ஓர் ஒட்டுண்ணி, காக்ஸிடியா. வைரஸ் தேடிப் பணம் செலவழித்த பல பண்ணைகளில் கடைசியில் அகப்பட்டது இதுதான். டால்ட்ராசுரில் மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் ஒரு முறை வாயில் கொடுத்தால் அடங்கும். ஒரு வாரம் முதல் பால் மறக்கடித்த அடுத்த வாரம் வரை ஏ பிரிவு ரோட்டாவின் ராஜ்ஜியம். பால் மறந்தபின் மறுபடியும் ஈ.கோலி.

பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஈ.கோலி குடலிலிருந்து நீரைச் சுரக்க வைப்பதால் கழிச்சல் காரத்தன்மையோடு இருக்கும். ரோட்டாவும் கொரோனாவும் குடலுறிஞ்சிகளை (குடலின் உட்புறத்தில் உணவை உறிஞ்சும் நுண்ணிய நீட்சிகளை) மழித்துவிடுவதால் பால் செரிக்காமல் புளித்து, கழிச்சல் அமிலமாக இருக்கும். தீர்ப்பு எழுத இது போதாது. இரண்டும் சேர்ந்து வந்தால் குழப்பும். ஆனாலும் ஆன்டிபயாட்டிக் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசிக்க வைக்கும். வைரஸுக்கு அந்த ஊசி எதுவும் செய்யாது. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க 2019-இலேயே தடை வந்துவிட்டது. இன்னும் யாராவது எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள்.

இனி குட்டியைக் காப்பாற்றுவது எது என்பதற்கு வருகிறேன். எனக்கு ஆய்வகத்தைவிட அதிகம் கற்றுக்கொடுத்தவர், முன்னே சொன்ன அந்த ஓசூர் பக்கத்து அம்மா. அவருடைய கொட்டிலிலிருந்து எடுத்த மாதிரிகளில் ரோட்டா, ஆஸ்ட்ரோ, கோபு எல்லாமே இருந்தன. கொஞ்ச தூரத்தில் இருந்த, தரையெல்லாம் டைல்ஸ் பதித்த பெரிய பண்ணையிலும் அதே பட்டியல்தான். அங்கே குட்டிகள் செத்தன. இங்கே கழிந்துவிட்டுப் பிழைத்தன. வித்தியாசம் என்னவென்று நின்று பார்த்தேன். குட்டி விழுந்ததும் இவர் பழைய துணியால் துடைத்து, நேரே தாயின் மடியில் விடுவார். எல்லாக் குட்டியும் சீம்பால் குடித்ததா என்று பார்க்காமல் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். பெரிய குட்டிகள் வயிறு நிறையக் குடித்ததும் அவற்றைச் சற்று நேரம் கூடையில் எடுத்து வைத்துவிட்டு, நோஞ்சான்களை மடிக்கு விடுவார். அங்கேயோ, இரவில் ஈனும் பன்றிக்குப் பக்கத்தில் யாருமே இல்லை.

சீம்பாலை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் பன்றியின் நஞ்சுக்கொடி. அதன் வழியே தாயின் எதிர்ப்பொருள்கள் குட்டிக்குப் போவதில்லை. பிறக்கிற குட்டி முற்றிலும் வெறுங்கையோடு பிறக்கிறது. குடல் அந்தப் பெரிய மூலக்கூறுகளை அப்படியே உள்ளே விடுவது முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் மட்டுமே. பிறகு கதவு மூடிவிடும். முதல் 24 மணி நேரத்துக்குள் ஒரு குட்டி 200 முதல் 250 கிராம் சீம்பால் குடித்தாக வேண்டும். அதற்குப் பிறகும், தினசரிப் பாலில் வரும் எதிர்ப்பொருள் குடலின் உட்பரப்பில் பூச்சாக நின்று ரோட்டாவைத் தடுக்கும். பால் நின்ற வாரத்தில் ரோட்டா ஆடுவது அதனால்தான். கழிகிறது என்பதற்காகக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் பட்டினி போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். மனிதருக்கு விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பொட்டலத்தில் எழுதியபடி கரைத்து, கவிழாத ஆழமில்லாத தட்டில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினால் குட்டிகள் தாமாகவே நக்கும். பாலும் கூடவே தொடர வேண்டும்.

அடுத்தது சூடு. "நம் ஊர் வெயிலில் குட்டிக்குக் குளிரா?" என்று சிரிக்கிறார்கள். பிறந்த பன்றிக்குட்டிக்குத் தேவை 32 முதல் 35 டிகிரி. மார்கழி இரவில் ஓசூர், தளி பக்கம் சிமெண்ட் தரை எவ்வளவு இருக்கும் என்று வெறுங்காலை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த குட்டி மடிக்குப் போகாது, சீம்பால் குடிக்காது, பிறகு எந்த வைரஸ் வந்தாலும் சாகும். அறிக்கையில் ரோட்டா என்று வரும். கொன்றது ஈரத் தரை. ஒரு மூலையில் மரப்பலகை, அதன்மேல் காய்ந்த வைக்கோல் அல்லது சாக்கு, மேலே குட்டிக்கு எட்டாத உயரத்தில் ஒரு விளக்கு. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் சூடு போதவில்லை. விளக்கை விட்டு விலகிப் படுத்தால் அதிகம். வெப்பமானி வாங்காதவர்களுக்கு இந்தக் குறிப்பு போதும்.

கழுவுவதைப் பற்றி நிறைய வாக்குவாதம் செய்திருக்கிறேன். ரோட்டா, ஆஸ்ட்ரோ, கோபு இவற்றுக்கெல்லாம் கொழுப்பு உறை கிடையாது. உறையுள்ள கொரோனாவைச் சோப்பு நுரையே குலைத்துவிடும், இவற்றைக் குலைக்காது. காய்ந்த சாணத்துக்குள் ரோட்டா மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயில் தெளித்தால் மணம் வரும், அவ்வளவுதான். பிளீச்சிங் கரைசல் கொல்லும், ஆனால் சாணத்தின்மேல் ஊற்றினால் அதன் வீரியம் முழுவதும் சாணத்தோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். எனவே வரிசை மாறக் கூடாது: முதலில் சுரண்டி எடுத்து, சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, அதன்பின் கிருமிநாசினி, மறுபடியும் காயவிடல். சுண்ணாம்புப் பால் பூசி முடித்து, கொட்டிலைச் சில நாள் வெறுமையாக விடுங்கள். அடுத்த சினைப்பன்றி காத்திருக்கிறது, இடமில்லை என்பார்கள். இடமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்வின்றி ஈனும் கொட்டிலில்தான் ஒவ்வோர் ஈற்றும் முந்தையதைவிட அதிக வைரஸில் பிறக்கிறது. நோய் ஈற்றுக்கு ஈற்று கடுமையாவதற்கு வைரஸ் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அளவு கூடியிருக்கும்.

வாசலில் கால் நனைக்கும் தொட்டி வைத்திருப்பவர்கள், சாணம் அப்பிய பூட்ஸை அதில் முக்கி எடுப்பதால் தொட்டி நீர் அழுக்காவதைத் தவிர வேறு பயனில்லை என்பதை அறிய வேண்டும். கொட்டிலுக்கு ஒரு ஜோடிச் செருப்பு அங்கேயே கிடக்கட்டும். வேலையைச் சின்னக் குட்டிகளிலிருந்து தொடங்கிப் பெரிய பன்றிகளில் முடியுங்கள். மண்வெட்டியும் துடைப்பமும் அதே ஒழுங்கில் தனித்தனியாக இருக்கட்டும்.

முதல் ஈற்றுப் பன்றியின் குட்டிகளே எப்போதும் அதிகம் கழியும். அந்தத் தாய்க்குப் பண்ணையின் வைரஸ்களோடு பழக்கம் குறைவு, எனவே பாலில் பாதுகாப்பும் குறைவு. வெளியிலிருந்து வாங்கிய கிடாரியை நேராக ஈனும் கொட்டிலில் கொண்டுவந்து கட்டினால் நிலைமை இன்னும் மோசம். சில வாரம் தனியே வைத்துக் கண்காணித்தபின், சினைக் காலத்தின் நடுப்பகுதியிலேயே பண்ணையின் மற்றப் பன்றிகளோடு பழகவிட வேண்டும். பால் மறந்த குட்டிகளின் சாணத்தைச் சினைப்பன்றிக்குக் காட்டிப் பழக்கும் முறையைச் சிலர் கேள்விப்பட்டுச் செய்கிறார்கள். பண்ணை வைரஸ்களின் எல்லா வகைகளுக்கும் ஒரே நேரத்தில் பாதுகாப்புத் தரக்கூடிய முறை அது என்பது உண்மை. ஆனால் சாணத்தில் வருவது ரோட்டா மட்டுமல்ல. சினைச் சிதைவும் மூச்சுக் கோளாறும் தரும், 2013-இல் மிசோரமில் தெரிந்த பி.ஆர்.ஆர்.எஸ். என்ற வைரஸ் நோயும், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் நாட்டில் இருக்கும்போது, சோதனை செய்யாமல் இதைத் தொடுவது வெடியோடு விளையாடுவது. மருத்துவர் சம்மதித்துச் செய்தாலும் ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரங்களில் கூடவே கூடாது. தாயே வைரஸைக் கழித்துக்கொண்டு ஈனும் கொட்டிலுக்கு வந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் குட்டிகள் செத்தால் மாதிரி அனுப்புங்கள். கழிச்சல் தொடங்கிய முதல் நாளில், எந்த மருந்தும் கொடுக்காத ஐந்தாறு குட்டிகளிடம் எடுக்க வேண்டும். கழிந்து ஓய்ந்து, நான்கு நாள் ஊசி போட்ட குட்டியின் சாணத்தில் ஆய்வகம் எதைக் காணும்? தரையிலிருந்து வழிக்காமல் ஆசனவாயில் நேராகப் பஞ்சுக் குச்சி செலுத்தி எடுங்கள். நலமான இரண்டு குட்டிகளிடமும் எடுத்துத் தனியாகக் குறியுங்கள். செத்த குட்டியின் குடல் வேண்டும் என்றால் செத்து அரை மணி நேரம் ஆனதைக் கொண்டுவந்து பயனில்லை. குடலுறிஞ்சிகள் சாவுக்குப்பின் நிமிடக் கணக்கில் உதிரத் தொடங்கிவிடும். சாகப்போகும் குட்டியை மருத்துவர் முறைப்படி கருணைக்கொலை செய்து, சிறுகுடல் துண்டை உடனே ஃபார்மலினில் போட வேண்டும். அந்தத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்து, உறிஞ்சிகள் மழிந்திருக்கின்றன, அதே இடத்தில் வைரஸும் இருக்கிறது என்றால் மட்டுமே நான் ரோட்டாவைக் குற்றவாளி என்று எழுதுவேன்.

பஞ்சுக் குச்சிகள் ஐஸ் பெட்டியில் போகட்டும். ஃபார்மலின் புட்டியை ஐஸில் வைக்காதீர்கள். கூடவே ஒரு தாளில் குட்டியின் வயது, தாய்க்கு இது எத்தனையாவது ஈற்று, ஈற்றில் எத்தனை, கழிவது எத்தனை, செத்தது எத்தனை, கடைசியாக வெளியிலிருந்து பன்றி வாங்கிய தேதி, கொடுத்த மருந்து என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். குழாய்களின் மேல் பால்பாயிண்ட் பேனாவில் எழுத வேண்டாம். ஐஸ் தண்ணீர் பட்டு எழுத்து அழிந்து, எது நோயுற்ற குட்டி எது நலமான குட்டி என்று தெரியாமல் வந்த பெட்டிகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒட்டுத்தாளில் பென்சிலால் எழுதி, மேலே ஒளிபுகும் டேப் சுற்றினால் போதும்.